ரேடியோ ஹெலிகாப்டர்: பழகுவோருக்கு ஒரு சிறு வரலாறு

மலர்க்குழு நண்பர்கள், "டெக்னிக்கலா ஏதாவது எழுதுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரிமோட் ஹெலிகாப்டர் விடுவதை அறிந்த ஜூனியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, சம்பளக் காசுல வாங்கி முதல் நாளே உடைச்சிட்டா என்ன பண்றது?" நியாயமான பயம்தான். இப்படி உடைத்துவிட்டுப் பரண்மேல் போட்டவர்கள் நிறைய. பதிலை வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். பழகுபவனின் கையிலிருந்து ஒவ்வொரு வேலையாக இயந்திரம் வாங்கிக்கொண்ட கதைதான் அது.

முதலில், ஏன் இத்தனை கஷ்டம்? விமானத்துக்கு ஓரளவு தானாகவே நிலைப்படும் குணம் உண்டு. ஒரே இடத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு அது கிடையாது. சின்ன வயதில் உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடுவோமே, அது மாதிரி. ஏற்றம், முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு, வால் என்று நான்கையும் இரண்டு கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும்.

இந்தக் குச்சி விளையாட்டுக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ஆர்தர் யங். 1930-களில் பென்சில்வேனியாவில் ஒரு பழைய களஞ்சியத்தில் சின்னச் சின்ன மாதிரிகளைச் செய்து பறக்கவிட்டார். உடைந்தால் மறுபடி செய்தார். விசிறிக்குக் குறுக்கே எடை கட்டிய ஒரு கம்பியைப் பொருத்தியதும் மாதிரி நிலையாக நின்றது. 1941-இல் பெல் கம்பெனிக்குப் போய் அதைப் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் வழியே வந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று சிவில் உபயோகத்துக்கான சான்றிதழைப் பெற்றது. ஹெலிகாப்டர்களில் அதுவே முதல். ஆக, பெரிய ஹெலிகாப்டருக்கே பொம்மைதான் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது!

ரேடியோ மூலம் இயக்கும் ஹெலிகாப்டரை உருப்படியாக்கியவர் ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர். 1970-இல் அவருடைய மாதிரி உலக சாதனைகள் படைத்தது. பிறகு அவருடைய 'ஹியூ கோப்ரா' கிட்டாகவே விற்பனைக்கு வந்தது. கம்பியின் முனைகளில் சின்னத் துடுப்புகள் வைக்கும் ஹில்லர் முறையும் மாதிரிகளில் பரவியது. சாய்வைச் சமாளிக்கும் சுமையில் ஒரு பங்கு இப்படிக் குறைந்தது.

அடுத்தது வால். விசையைக் கூட்டினால் உடல் ஒரு பக்கம் திரும்பும். அதைக் கால் நொடியில் சரிக்கட்ட வேண்டும். அந்த வேலையை கைரோ எடுத்துக்கொண்டது. 1990-களில் வந்த மின்னணு கைரோக்கள் திருப்பிவிட்ட திசையிலேயே மூக்கைப் பிடித்து வைத்தன. 2006-இல் ஹாங்காங்கின் சில்வர்லிட் வெளியிட்ட 'பிக்கூ ஸி', குழந்தைகள் கைக்கே ஹெலிகாப்டரைக் கொண்டுவந்துவிட்டது. 2010 வாக்கில் துடுப்புக் கம்பியும் போய், அதன் வேலையை சென்சார்களும் சிறு கம்ப்யூட்டரும் செய்யத் தொடங்கின.

அப்படியானால் மனிதனுக்கு மிச்சம் என்ன? தரையில் நின்றபடி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணால் அளப்பது. மூக்கு நம்மைப் பார்த்துவிட்டால் இடம் வலமாகும், வலம் இடமாகும்.

இது பொம்மைக்கு மட்டுமான சங்கதி இல்லை. 2004 வரை நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருந்த ஓசூர்ப் பகுதியில், தனேஜா ஏரோஸ்பேஸ் விமானத்தளத்தில், 2009 நவம்பர் 16 அன்று ஆளில்லா விமானமான ரஸ்டம்-1 நல்லபடியாகக் கிளம்பியது. பறக்கும் உயரம் தவறாகக் கணிக்கப்பட்டு, தரையிலிருந்து போன கட்டளையால் இன்ஜின் நின்று அது விழுந்தது என்று டி.ஆர்.டி.ஓ. விளக்கியது. 2010 அக்டோபர் 16 அன்று ஓசூரிலேயே மறுபடி பறந்து பத்திரமாக இறங்கியது. கண் அளவு எவ்வளவு கடினம் என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைத்த பாடம் இது.

எனவே ஜூனியர்களுக்குச் சொல்வது இதுதான். முதலில் சிமுலேட்டரில் ஒரு மாதம். அங்கே ஆயிரம் தடவை விழுந்தாலும் காசு போகாது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விசிறி வைத்த சின்ன மாடலை அறைக்குள் விடுங்கள். வெளியே வரும்போது காலடியில் அகலமான பயிற்சிக் கால்களைக் கட்டி, வால் உங்களைப் பார்க்க, முழங்கால் உயரத்தில் நிறுத்திப் பழகுங்கள். அது கைவந்த பிறகு பக்கவாட்டில். மூக்கு நம்மைப் பார்ப்பது கடைசியில்தான். கேழ்வரகு அறுத்த காலி நிலம், காலை ஆறு மணி, இவை உத்தமம். ஆடிக் காற்றில் வேண்டவே வேண்டாம்.

இன்னொரு கணக்கு: 35 செ.மீ. ஆரமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2500 சுற்று சுற்றினால், நுனி வேகம் மணிக்கு 330 கி.மீ. பொம்மை என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள். 2021-இல் வந்த ட்ரோன் விதிகளையும், உங்கள் இடத்தில் பறக்க அனுமதி உண்டா என்பதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி லேபில் ஒரு சிமுலேட்டரும் ஒரு டிரான்ஸ்மிட்டரும் வாங்கி வைப்போம். பெரிய செலவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். இயந்திரம் வாங்கிக்கொள்ளாத அந்த ஒரு வேலையை, கிராமத்திலிருந்து வரும் நம் பிள்ளைகள் கைக்காசு இழக்காமல் கற்றுக்கொள்ளட்டும்.