பரதேசியின் கடுதாசி

மட்டாஞ்சேரியை ஒட்டி, ஃபோர்ட் கொச்சியின் வெளி என்கிற இடத்தில் ஒரு தோபிகானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம்.

அங்கே இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவர் 1999-ல் வளைகுடாவுக்கு லாண்டரி வேலைக்குப் போய் 2016-ல் திரும்பியவர். பேச்சு போன் பக்கம் போனதும் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே குச்சி இல்லை. ஐந்து சிம் கார்டுகள் இருந்தன.

"துபாய், மஸ்கட், நம்ம ஊரு எல்லாம் கலந்து கிடக்கு தம்பி. எது எதுன்னு எனக்கே இப்போ தெரியலை."

"குடுங்கய்யா, பின்னாடி நம்பர் இருக்கும்."

சிம் கார்டின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு நீண்ட எண் அச்சாகியிருக்கும். அது 89 என்று தொடங்கும். தொலைத்தொடர்புத் துறைக்கென்று உலகம் முழுதும் ஒதுக்கிய எண் அது. அதை அடுத்து வருவது நாட்டின் எண்: 971 என்றால் எமிரேட்ஸ், 968 என்றால் ஓமான், 91 என்றால் நாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். இரண்டு துபாய், ஒரு மஸ்கட், இரண்டு இந்தியா. பெரியவர் துபாய் கார்டுகளை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தார். இரண்டுமே என்றோ செத்துப்போனவை. ஆனாலும் எறிய மனமில்லை.

நகம் அளவுள்ள இந்தத் துண்டு எங்கே பிறந்தது, அயலூரில் பிழைக்கப் போனவன் கைக்கு எப்படி வந்தது என்பது ஒரு தனிக்கதை.

பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒரு மின்னணுச் சில்லைப் பொதிக்கலாம் என்று 1968-ல் காப்புரிமை கேட்டவர்கள் யூர்கன் டெத்லோஃப், ஹெல்முட் கிரோட்ரப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். 1974-ல் பிரான்சில் ரோலண்ட் மொரேனோ தம் பங்குக்கு ஒரு நினைவக அட்டையைக் கண்டுபிடித்தார். அந்த அட்டை முதலில் வேலைக்குப் போன இடங்களில் ஒன்று, 1980-களின் பிரெஞ்சுத் தெருவோரத் தொலைபேசிக் கூண்டு.

அதே சமயத்தில் ஐரோப்பாவுக்கு வேறொரு தலைவலி. நாட்டுக்கு ஒரு மொபைல் முறை இருந்தது. ஒரு நாட்டு போன் அடுத்த நாட்டில் பெரும்பாலும் ஊமையாகிவிடும். எண்ணும் கருவியும் ஒன்றாகப் பிணைந்திருந்தன. இதைச் சரிசெய்ய 1982-ல் ஒரு குழு அமைத்தார்கள். 1987-ல் 13 நாடுகள் கோபன்ஹேகனில் கூடிக் கையெழுத்திட்டன. அதில் உருவானதுதான் ஜிஎஸ்எம். ஆள் யார் என்பதைக் கருவியிலிருந்து பிரித்து ஓர் அட்டையில் வைத்துவிடுவது அதன் அடிப்படை யோசனை. அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பயணம் போகலாம், போன இடத்தில் வாடகைக் காரில் இருக்கும் போனில் செருகினால் அது உங்கள் போன் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார்கள். அதனால்தான் முதல் சிம் இன்றைய ஏடிஎம் கார்டு அளவில் இருந்தது.

1991-ல் அந்த முதல் சிம்மைச் செய்து கொடுத்தது முனிக் நகரின் கீஸெக்கே டெவ்ரியன்ட் நிறுவனம். கரன்சி நோட்டு அச்சடிப்பது அதன் பரம்பரைத் தொழில். எளிதில் போலி செய்ய முடியாத ஒரு துண்டை உருவாக்க நோட்டு அடிப்பவரைத் தேடிப் போனதில் வியப்பில்லை. முதல் 300 சிம்களை வாங்கியது பின்லாந்தின் ரேடியோலின்யா. 1991 ஜூலை 1 அன்று அந்த நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி, தாம்பெரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோவை அழைத்துப் பேசினார். ஜிஎஸ்எம்மின் முதல் அழைப்பு அதுதான்.

சிம்முக்குள் ஒரு ரகசிய எண் பூட்டியிருக்கிறது. அது கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை. நெட்வொர்க் ஏதோ ஓர் எண்ணை அனுப்பி, 'உன் ரகசியத்தோடு இதைச் சேர்த்து விடை சொல்' என்று கேட்கும். சிம் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். தன்னிடமுள்ள விடையோடு அது ஒத்துப்போனால் நெட்வொர்க் கதவைத் திறக்கும். ரகசியத்தைச் சொல்லாமலே ரகசியம் தெரியும் என்று நிரூபிக்கிற வித்தை இது.

ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு இருந்தது. இணைப்பு வாங்க நிலையான முகவரியும் வங்கிக் கணக்கும் வேண்டும். மாதக் கடைசியில் பில் வரும். பேசிவிட்டுக் காசு கொடுக்கும் முறை என்பதால், ஓடிப்போக மாட்டான் என்று நம்பக்கூடியவனுக்குத்தான் சிம். ஊருக்குப் புதியவனை யார் நம்புவார்கள்?

இந்த முடிச்சை அவிழ்த்தது போர்த்துகல். 1995 செப்டம்பரில் டிஎம்என் என்ற அந்த நாட்டு நிறுவனம் 'மிமோ' என்ற பெயரில் ஒரு கார்டை விற்றது. ஒப்பந்தமில்லை, மாதச் சந்தா இல்லை. காசு முதலில், பேச்சு பிறகு. உலகின் முதல் ப்ரீபெய்டு மொபைல் கார்டு என்ற பெருமையை அதற்குத் தருகிறார்கள். மிமோ என்றால் போர்த்துகீசிய மொழியில் செல்லம், சின்னப் பரிசு என்றெல்லாம் பொருள். பில்லைக் கண்டு அஞ்சிய உள்ளூர்க்காரனுக்காகச் செய்த ஏற்பாடுதான். வெளியூர்க்காரன் பக்கவாட்டு வழியாக நுழைந்துகொண்டான். முன்கூட்டியே காசு வாங்கிவிட்டால் ஆளை நம்ப வேண்டிய தேவை இல்லையே.

போர்த்துகல் என்றதும் கொச்சிக்காரர்களுக்கு வேறொரு சீட்டு நினைவுக்கு வரவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் அரபிக்கடலில் சரக்கு ஏற்றிப் போகும் கப்பல்கள் போர்த்துகீசியரிடம் காசு கொடுத்து ஓர் அனுமதிச் சீட்டு வாங்கியாக வேண்டும். கப்பல் எது, தலைவன் யார், எங்கே போகிறது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். சீட்டு இல்லாமல் சிக்கினால் சரக்கும் போகும், கப்பலும் போகும். அதன் பெயர் கர்த்தாஸ். நம் கடுதாசியும் மலையாளத்தின் கடலாசும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர் சொல்வார்கள். பெரியவரின் அலமாரியும் இஸ்திரியும்கூட அந்தக் கப்பல்களில் வந்த சொற்கள்தாம். வாஸ்கோ ட காமா 1524-ல் இந்தக் கொச்சியில்தான் இறந்தார். கடல் தாண்ட முன்பணம் கட்டிச் சீட்டு வாங்கும் வழக்கம் மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல.

மொபைல் இங்கே வந்து சேர்ந்தது 1996 செப்டம்பர் 17 அன்று. எஸ்கோடெல் நெட்வொர்க்கில், 'செம்மீன்' எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை கொச்சியிலிருந்து தென்பிராந்தியக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் ஏ.ஆர். டாண்டனோடு பேசினார். கேரளத்தின் முதல் மொபைல் அழைப்பு அது. அப்போது பேசினாலும் காசு, வந்த அழைப்பை எடுத்தாலும் காசு. ஆறு ஆண்டுகள் கழித்து, 2002-ல், போர்த்துகலின் செசிம்ப்ராவிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரமாக இறங்கும் கடலடிக் கேபிளும், தென்னாப்பிரிக்காவிலிருந்து கொச்சி வழியாக மலேசியாவின் பினாங்குக்குப் போகும் கேபிளும் ஒன்றாக இணைந்தன. காமா வந்த பாதையிலேயே குரலும் வந்தது.

பெரியவர் துபாய் போன புதிதில் போன் என்றால் பூத்தில் வரிசைதான். "வெள்ளிக்கிழமை லீவு. காலைல போயி நின்னா மத்தியானம் ஆயிடும். பக்கத்து மளிகைக் கடைக்கு அடிச்சு, வீட்டுல கூப்பிடச் சொல்லிட்டு வெச்சுடுவேன். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அடிக்கணும்." சில வருஷம் கழித்து எடிசலாட் நிறுவனத்தின் ப்ரீபெய்டு சிம் வாங்கினார். அதன் பெயர் 'வாஸல்'. இணைந்தது, வந்து சேர்ந்தது என்கிற பொருளுள்ள அரபுச் சொல். தமிழ்க் காதில் அது வாசல் என்றே விழுந்திருக்கும். ரீசார்ஜ் கார்டின் சாம்பல் பூச்சை நாணயத்தால் சுரண்டி, எண்ணை ஒருவர் படிக்க ஒருவர் அழுத்த வேண்டும். அறையில் எட்டுப் பேர், போன் இரண்டு. சிம் மட்டும் ஆளுக்கு ஒன்று.

ஊர் சிம்மையே ரோமிங்கில் வைத்துக்கொள்ளலாமே என்று இன்று கேட்கலாம். அன்று பெரும்பாலான ப்ரீபெய்டு சிம்கள் எல்லை தாண்டினால் வாய் திறக்காது. பேலன்ஸ் கணக்கு ஊரிலிருக்கும் கணினியில் கிடக்கிறது. பேசப் பேச அதைக் கழிக்க வெளிநாட்டு நெட்வொர்க்குக்கு அப்போது வழியில்லை. பிறகு வழி வந்தது, விலையும் கூடவே வந்தது. மட்டாஞ்சேரிக்காரர் இருவர் துபாயில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஊர் சிம்மில் பேசினால், அழைப்பு கடல் தாண்டி இந்தியா வந்து, மறுபடி கடல் தாண்டித் துபாய்க்குப் போகும். போன தூரத்துக்கும் வந்த தூரத்துக்கும் சேர்த்துக் காசு. உள்ளூர் ப்ரீபெய்டு சிம் இந்தச் சுற்றை வெட்டிவிட்டது. கார்டு பயணம் போகும், போன் ஊரோடு இருக்கும் என்று நினைத்து ஐரோப்பியர் செய்தது தலைகீழாகிப்போனது. போன் பயணம் போகிறது. கார்டுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஆளை விசாரிக்காத அந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் வெடித்த குண்டுகளை மொபைல் போன்களைக் கொண்டு இயக்கியிருந்தார்கள். வெடிக்காத ஒரு பையில் கிடைத்த போனும் சிம்மும்தான் காவலர்களுக்குத் துப்புக் கொடுத்தன. அதன் பிறகு பல நாடுகளில் பெயர் பதியாமல் சிம் இல்லை என்று ஆனது. எமிரேட்ஸ் 2012-ல் 'என் எண், என் அடையாளம்' என்று அறிவித்து, எல்லாரையும் மறுபடி பதியச் சொன்னது. இந்தியா வரும் வெளிநாட்டவரும் பாஸ்போர்ட், விசா நகல் கொடுத்தால்தான் சிம். விசா முடியும்போது அதன் ஆயுளும் முடியும். 2017 பிப்ரவரியில் இ-விசாவில் வரும் பயணிகளுக்கு 50 ரூபாய் பேச்சு நேரத்தோடு பிஎஸ்என்எல் சிம்மை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் டெல்லி விமான நிலையத்தில் தொடங்கியது. அந்தச் சிம்மின் ஆயுள் 30 நாள்.

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் 1568-ல் கட்டிய ஜெபாலயத்துக்குப் பரதேசி ஜெபாலயம் என்று பெயர். வந்தேறிகள் கட்டியது என்று பொருள். அதைப் பார்க்க வரும் இன்றைய பரதேசிகள் பலர் கையில் சிம்மே இல்லை. இ-சிம்மை விமானம் ஏறும் முன்பே காசு கட்டி இறக்கிக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில், 2022-ல் வந்த 14 வரிசை முதல், சிம் செருகும் பொந்தே கிடையாது. ஏடிஎம் கார்டு அளவில் பிறந்து, 12.3 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டராகத் தேய்ந்த கடுதாசி, இப்போது கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டது. காசு முதலில் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

பெரியவர் கார்டுகளைத் தீப்பெட்டியில் அடுக்கி மூடினார். ஓர் இந்திய சிம்மை மட்டும் வெளியே வைத்திருந்தார். அடுத்த மாதம் பேரன் மஸ்கட் போகிறான். அவனுக்குக் காட்ட வேண்டுமாம். "அங்க போயி ஊரு சிம்மைக் கழட்டி எங்கயோ போட்டுட்டேன். ரீசார்ஜ் பண்ணாம நம்பர் போச்சு. பாங்க்ல குடுத்திருந்தது அந்த நம்பர்தான். மாத்தறதுக்கு லீவுல வந்து ஒரு வாரம் அலைஞ்சேன்."

வெளிநாடு போகிறவர்கள் அங்கே இறங்கியதும் உள்ளூர் சிம்மை வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய ஊர் சிம்மைப் பாஸ்போர்ட் உறைக்குள் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். கெடு தவறாமல் ரீசார்ஜ் செய்யுங்கள். வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.