பாவு நீட்டிய தெரு

தாராசுரத்துச் சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களில், பொழுது புலருமுன்னே முளையடித்து, தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, அறுந்த இழையைக் கண்டு முடிவதற்காக ஆணும் பெண்ணும் அதன் இருமருங்கிலும் போவதும் வருவதுமாக நடந்த காலம் ஒன்று உண்டு. வெயில் ஏறினால் இழை வறண்டுவிடும் என்ற அச்சத்தால் அந்த நடையில் சற்றே ஓட்டமும் கலந்திருக்கும். பிறகு தறிக்குழியில் காலை இறக்கி அமர்ந்துவிட்டால், மிதிகட்டை மிதிக்கும் பாதங்களுக்கும் நாடாவை விரட்டும் கைக்கும் வேலையே ஒழிய, மூச்சு வாங்கும்படியான சிரமம் சரீரத்துக்கு இல்லை.

லண்டன் நகரின் இரட்டைமாடிப் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய ரோகம் குறைவு என்று 1953-இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் எழுதியதை வாசித்தபோது, எனக்கு நினைவு வந்தது இந்தப் பாவும் தறியுந்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகப் பெருகியிருந்ததை லாரபீ என்பவர் 1902-இல் பதிவு செய்திருந்தார். குழாய்ச் சுவர்களில் ஒட்டிக் கிடந்தவற்றை அட்ரினலினும் ரத்தவேகமும் உலுக்கிக் கிளப்புவதும் அப்பெருக்கத்துக்கு ஒரு காரணம்.

அந்த அணுக்களுக்கும் பசி உண்டு. அவற்றுள் ஒரு வகையான டி அணு, ஓய்ந்திருக்கும்போது, உமிக்கணப்புப் போல, பிராணவாயுவைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாவில் நிதானமாகச் சக்தி ஈட்டுகிறது. கிருமி புகுந்ததும், வைக்கோல் தீயைப் போல, சர்க்கரையை அவசரமாக லாக்டேட்டாக மாற்றிப் பல்கிப் பெருகுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே தக்க சமயத்தில் மாறும் திறமைதான் அதன் ஆரோக்கியம். இடைவிடாத தேகப்பயிற்சி அத்திறமைக்குத் துணைசெய்கிறதா என்பதே இன்றைய ஆராய்ச்சி. அத்திறமையை அல்லாமல் அவ்வணுக்களின் புதுவரவை அளந்த, 2018-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களிடம், தைமஸ் சுரப்பியிலிருந்து புதிதாக வெளிவந்த டி அணுக்கள் இளைஞரிடம் உள்ள அளவிலேயே காணப்பட்டன.

அதே தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், உடலை வில்லாய் வளைக்கும் கழைக்கூத்தாடிகளைச் சிற்பி கைப்பிடியளவு கல்லில் செதுக்கி வைத்தான். பாவோடு நடந்தவர்களைச் செதுக்க யாருக்குத் தோன்றும்! பாவை இப்போது உருளை சுற்றுகிறது. முளையடித்த இடங்களைத் தார் மூடிவிட்டது. தறிக்குழி மட்டும் இருக்கிறது. அதில் அமர்ந்த பெரியவர் ஒருவர், தினம் மாலையில் கோயிலைச் சுற்றி நடக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மிதிகட்டையை மிதித்தார்.