பி கிரேடுகளும் ஒரு படையெடுப்பும்

1983 அக்டோபர் 25 அதிகாலை, கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா தீவில் அமெரிக்க ரேஞ்சர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். ரொனால்ட் ரீகன் இதற்குச் சொன்ன காரணங்களில் முதலாவது, தீவில் இருந்த சுமார் 1000 அமெரிக்கர்களின் உயிர்ப் பாதுகாப்பு. அவர்களில் பெரும்பாலானவர்கள் மருத்துவ மாணவர்கள்.

பனிப்போர் வரலாறு எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அங்கேதான் கேள்வி வந்தது. 344 சதுர கிலோமீட்டர் தீவு, பெரிய ஆஸ்பத்திரி எதுவும் கிடையாது. சொந்த ஊரில் அத்தனை மருத்துவக் கல்லூரிகளை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான அமெரிக்கப் பிள்ளைகள் அங்கே டாக்டருக்குப் படிக்க ஏன் போனார்கள்?

ஒரே வார்த்தையில் பதில் சொன்னால், ஜி.பி.ஏ.

அமெரிக்காவில் நம்மைப் போல பிளஸ் டூ முடித்தவுடன் மெடிக்கல் கிடையாது. முதலில் நாலு வருஷப் பட்டம். அதில் வாங்கிய எல்லா கிரேடுகளின் சராசரி, 4-க்கு இவ்வளவு என்று ஒரு எண்ணாக வரும். கூடவே எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, பேட்டி, சிபாரிசுக் கடிதங்கள் எல்லாம் உண்டு. ஆனால் விண்ணப்பங்கள் குவியும்போது முதல் சல்லடை எண்கள்தான். சராசரிக்கு ஒரு குணம் உண்டு, உள்ளே போன எண் வெளியே வராது. முதல் வருஷம் தடுமாறி கெமிஸ்ட்ரியில் சி வாங்கியவன், கடைசி இரண்டு வருஷம் ஏ-யாக வாங்கித் தள்ளினாலும் அந்த சி கூடவே வரும்.

1970-களின் நடுவில் நெருக்கடி உச்சத்துக்குப் போனது. 1974-ல் விண்ணப்பித்தவர்கள் சுமார் 42,000 பேர், இடம் கிடைத்தவர்கள் சுமார் 15,000. மூன்றில் இரண்டு பேர் வெளியே. இவர்களை மக்குகள் என்று சொல்ல முடியாது. வழக்கமான பி கிரேடுக்காரர்கள், வேறு எந்தத் துறைக்குப் போயிருந்தாலும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இத்தனை பேர் வாசலில் நின்றால் பக்கவாட்டில் கதவு திறக்கத்தானே செய்யும்? இத்தாலி, பெல்ஜியம், பிலிப்பைன்ஸ் என்று போனார்கள். பெரிய கூட்டம் மெக்சிகோவின் குவாதலஹாராவுக்குப் போனது. அங்கே பாடம் ஸ்பானிஷில். ஊர் திரும்புகிறவர்களுக்காக 1971-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே ‘ஐந்தாம் வழி’ என்று ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சித் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. 1976-ல் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டில் படிக்கும் அமெரிக்கர்களுக்கு உள்ளூர்க் கல்லூரிகள் மூன்றாம் ஆண்டில் இடம் ஒதுக்கணும், இல்லாவிட்டால் மத்திய அரசின் பணம் கிடையாது என்று சட்டம் போட்டது. கல்லூரிகள் கொதித்தன, அடுத்த வருஷமே சட்டம் தளர்ந்தது. நிராகரிக்கப்பட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாவும் ஓட்டுப் போடுகிறவர்கள்தானே.

அதே 1976-ல்தான் சார்ல்ஸ் மோடிகா என்ற இளம் வழக்கறிஞர் கிரெனடாவுக்கு வந்தார். அவரே முன்பு ஸ்பெயினில் போய் மருத்துவம் படித்துப் பார்த்தவர். அவருடைய திட்டம் எளிமையானது. முதல் இரண்டு வருஷப் பாடம் தீவில், ஆங்கிலத்தில். நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பிற்பகுதிக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உள்ள ஆஸ்பத்திரிகள். அதனால் தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாதது தடையாக இல்லை. கிரெனடாவுக்கு டாலர் வந்தது. 1977 ஜனவரியில் செயின்ட் ஜார்ஜஸ் பள்ளியில் வகுப்பு ஆரம்பம்.

ஏமாற்றுக் கடை என்று பேசினவர்கள் உண்டு. என் கருத்து வேறு. ஊர் திரும்பி மேல்பயிற்சி பெற, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வை அப்போது இவர்களும் பாஸ் பண்ண வேண்டியிருந்தது. சல்லடையை முன்வாசலிலிருந்து பின்வாசலுக்கு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த நகர்த்தலுக்கு விலை உண்டு, அதைக் கட்டுகிறவன் மாணவன். முன்வாசலில் தடுக்கப்பட்டவனுக்கு நஷ்டம் விண்ணப்பக் கட்டணம். பின்வாசலில் தடுக்கப்பட்டவனுக்குச் சில வருஷமும் பெருங்கடனும்.

1979-ல் மாரிஸ் பிஷப்பின் இடதுசாரிப் புரட்சி வந்தும் பள்ளி நடந்தது. டாலர் யாருக்குத்தான் வேண்டாம்? 1983 அக்டோபர் 19 அன்று சொந்தக் கட்சிக்காரர்களாலேயே பிஷப் கொல்லப்பட்டார். ஊரடங்கு, வெளியே வந்தால் சுடுவோம் என்ற அறிவிப்பு. மாணவர்களுக்கு ஆபத்தில்லை என்றுதான் மோடிகா முதலில் சொன்னார். அவசரப்பட வேண்டாம் என்று பெற்றோர் ரீகனுக்குத் தந்தி கொடுத்தார்கள்.

படை வந்தது. ஓடுபாதையின் முனையிலேயே இருந்த ட்ரூ ப்ளூ வளாகத்துக்குப் போய் மாணவர்களைப் ‘பத்திரப்படுத்திய’ பிறகுதான், கிராண்ட் ஆன்ஸ் என்று இன்னொரு வளாகம் இருப்பதும் அதிக மாணவர்கள் அங்கே இருப்பதும் ராணுவத்துக்கே தெரிந்தது. யாரைக் காப்பாற்ற வந்தார்களோ அவர்களுடைய ஹாஸ்டல் எங்கே என்று விசாரிக்காமலே வந்திருக்கிறார்கள். மறுநாள் ஹெலிகாப்டரில் அவர்களை மீட்டார்கள். மாணவர்களில் யாரும் சாகவில்லை. அமெரிக்க வீரர்கள் 19 பேர் இறந்தார்கள், கிரெனடாக்காரர்களும் கியூபாக்காரர்களும் அதைவிட அதிகம். ஒரு மனநல மருத்துவமனையில் தவறுதலாகக் குண்டு விழுந்து நோயாளிகளும் செத்தார்கள். நவம்பர் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை 108-க்கு 9 என்ற வாக்கில் படையெடுப்பைக் கண்டித்தது.

மாணவர்கள் வெறும் சாக்குதானா? ஊர் திரும்பியதும் விமானத்திலிருந்து இறங்கித் தரையை முத்தமிட்ட மாணவரின் பயம் பொய்யில்லை. அது வெள்ளை மாளிகைக்கு வசதியாக அமைந்ததும் பொய்யில்லை.

பள்ளி மூடவில்லை. கொஞ்ச காலம் வெளியே வகுப்பு நடத்திவிட்டுத் தீவுக்கே திரும்பியது. இறந்த 19 வீரர்களுக்கு ட்ரூ ப்ளூ வளாகத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. பக்கத்து விமான நிலையத்துக்கு 2009-ல் மாரிஸ் பிஷப் பெயரை வைத்தார்கள். புது பேட்ச் மாணவர்கள் இப்போதும் வந்து இறங்குவது அங்கேதான்.