தகுதி எனும் தாழ்ப்பாள்

'உபகாரச் சம்பளம்' என்றொரு சொல் நம் நாட்டிலே நெடுங்காலம் வழங்கிற்று. படிக்கும் பிள்ளைக்கு அரசு அளிக்கும் பணத்துக்கு அன்று இட்ட பெயர் அது. உபகாரமாம்! கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பார், பெறுபவர் கைகட்டி நின்று பெறுவார் என்ற பொருள் அச்சொல்லின் வயிற்றிலேயே இருந்தது. பின்னர்த் தமிழ் உணர்வு தழைத்தது. உபகாரம் போய் உதவி வந்தது. 'கல்வி உதவித்தொகை' ஆயிற்று. சொல் மாறிற்று, சிந்தை மாறிற்றா? 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் குடும்பத் தலைவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கத் தொடங்கிய தமிழ்நாடு அரசு, அதற்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் சூட்டியது. மாணவர் பெறும் பணத்துக்கோ 'உதவி' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

உதவி என்றால், யாருக்கு என்ற கேள்வி உடனே பிறக்கிறது. அரசாணையின் முதற்பக்கம் தொகையைச் சொல்லும். மேடைகளிலே முழங்கப்படுவது அதுதான். தகுதியைச் சொல்லும் அடுத்த பக்கத்தை யாரும் முழங்குவதில்லை. அந்தப் பக்கத்தைத்தான் தோழர்கள் படிக்கவேண்டும். அதைப் படித்துப் பார்க்க ஏற்ற இடம் வடசென்னை. 1856இலே தென்னகத்தின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரம், மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேடு, 1950களில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்த திருவொற்றியூர், லாரிகளை உருவாக்கும் அசோக் லேலண்டின் எண்ணூர். மூட்டை சுமந்தோரும், வலை வீசியோரும், இயந்திரத்தோடு மல்லுக்கு நின்றோரும் வாழ்ந்த கரை. ஆணையிலே வரும் ஒவ்வொரு சொல்லும் அங்கே ஏதேனும் ஒரு வீட்டுக் கதவைத் திறக்கும், அல்லது சாத்தும்.

கதவு சாத்திய வரலாறு பழையது. பச்சையப்பர் விட்டுச்சென்ற அறப்பணத்தால் 1842இல் சென்னைக் கருப்பர் நகரிலே பள்ளி எழுந்தது. அது கல்லூரியாக வளர்ந்தது. வள்ளலின் பணம் வாழ்க! ஆனால் இந்து அல்லாதார் அக்கல்லூரிக்குள் நுழைய 1947 வரை காத்திருக்க நேர்ந்தது. அது தனியார் அறம் என்று வாதாடலாம். அரசின் பணத்துக்கு அவ்வாதம் செல்லாதன்றோ? சென்னை மாகாண அரசு 1885இலேயே கல்வி மானிய விதிகளை வகுத்து, தாழ்த்தப்பட்ட மாணவர்க்குத் தனிச் சலுகைக்கு வழிகண்டது. நீதிக்கட்சி ஆட்சியிலே, 1921இல், வகுப்புரிமை ஆணை பிறந்தது. எனினும் கல்லூரிப் படிப்புக்கு நாடு முழுமைக்குமான உதவித்தொகை ஒன்று அப்போது இல்லை.

அதைப் பெற்றுத் தந்தவர் அம்பேத்கர். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானவர், பதவியைப் பட்டாடையாகக் கருதவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர் கல்விக்கென ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாயை வெள்ளை அரசிடம் வாதாடிப் பெற்றார். 1944இல் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. 1948இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. இன்று எண்ணூர்ப் பிள்ளை ஒருவர் கல்லூரிக் கட்டணத்துக்காக நிரப்பும் படிவத்தின் மூலம் அதுதான்.

விடுதலை வந்தது, அரசமைப்புச் சட்டம் வந்தது, கூடவே ஒரு தாழ்ப்பாளும் வந்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து மதத்தினர் அல்லாத எவரும் பட்டியல் வகுப்பினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் உள்ளே சேர்க்கப்பட்டனர். கிறித்துவரும் இசுலாமியரும் வெளியிலேயே விடப்பட்டனர். இந்த விதியை இராயபுரத்திலே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்! ஊரின் பெயரே இராயப்பர் பெயரால் வந்தது என்பர். பேதுருவைத் தமிழ்க் கிறித்துவர் அப்படித்தான் அழைத்தனர். ஒரே கோயிலில் மண்டியிடும் இருவர். மீனவர் வீட்டுப் பிள்ளை, கிறித்துவராயினும், தமிழ்நாட்டின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலே தம் மீனவ உறவினரோடு நிற்கிறார். ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளையோ ஞானத்தண்ணீர் பட்டதும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு நகர்த்தப்படுகிறார். சேரி அதே சேரி, சாதிப்பெயரால் ஏசும் வாய் அதே வாய். ஏட்டிலே மட்டும் தீண்டாமை தீர்ந்துவிட்டதாம்! தண்ணீர் தெளித்தால் சாதி போகும் என்று நம்புவதற்கும், தீட்டுப் போகத் தண்ணீர் தெளிப்பதற்கும் என்ன வேறுபாடு?

தமிழ்நாடு அரசு கிறித்துவ ஆதிதிராவிடர்க்கும் தன் சொந்த நிதியிலிருந்து உதவித்தொகை தந்து, காயத்துக்கு மருந்திட முயன்றது. 2023 ஏப்ரல் 19 அன்று சட்டமன்றம், அவர்களையும் பட்டியலிலே சேர்க்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. மருந்து நன்று, ஆயினும் புண்ணை உண்டாக்கிய முள் தில்லியிலே இருக்கிறது.

பிற்படுத்தப்பட்டோர் கதை வேறு. செண்பகம் துரைராசன் வழக்கிலே, 1951 ஏப்ரல் 9 அன்று, உச்சநீதிமன்றம் வகுப்புரிமை ஆணையைச் செல்லாதென்றது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படும் என்று வழக்காடியவர், அக்கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! தமிழகம் கொதித்தெழுந்தது, பெரியார் போர்முரசு கொட்டினார், அதே ஆண்டு சூன் மாதத்திலே அரசமைப்புச் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15(4) பிறந்தது. கல்வியிலே பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு உரிமை உண்டென்று சொல்லும் அந்தப் பிரிவுதான், உதவித்தொகைக்கும் கால்.

பிறகு வருமானம் என்ற அளவுகோல் நுழைந்தது. 1979 சூலையில் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டினால் பிற்படுத்தப்பட்டோர்க்கு இடஒதுக்கீடு இல்லை என்றது. மாதத்துக்கு 750 ரூபாய். 1980 சனவரியில் நாடாளுமன்றத் தேர்தல். தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு. ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்ந்தது. வாக்குச்சீட்டு எவ்வளவு விரைவிலே பொருளாதாரம் கற்பிக்கிறது, பார்த்தீர்களா!

இவ்விடத்திலே குழப்பம் வேண்டாம். இடஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டமன்று. அதிகாரத்தைப் பங்கிடும் ஏற்பாடு. அதற்கு வருமான வரம்பு பொருந்தாது. உதவித்தொகை பணம்; இல்லாதவர்க்கு முதலிலே தரவேண்டிய பணம். அதற்கொரு வரம்பு இருப்பதை நான் குறைகூறேன். வரம்பு எங்கே வரையப்படுகிறது என்பதே என் வழக்கு.

1944இன் வழிவந்த உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2013இல் இரண்டரை இலட்சம் என உயர்ந்தது. ஆண்டுகள் ஓடின, அரிசி விலை ஏறிற்று, வீட்டு வாடகை ஏறிற்று, வரம்பு ஏறவில்லை. துறைமுகத்தை அடுத்த சரக்குக் கிடங்கிலே மாதம் 21,000 ரூபாய் பெறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 2,52,000. வரம்புக்கு மேலே இரண்டாயிரம் ரூபாய். அதற்காக மகளின் உதவித்தொகை முழுவதும் போய்விடுகிறது. 2019இலே முன்னேறிய வகுப்பாரில் ஏழைகளுக்கென 10 விழுக்காடு ஒதுக்கிய ஒன்றிய அரசு, ஏழை என்பதற்கு வகுத்த எல்லை எட்டு இலட்சம்! ஒரே நாடு, இரண்டு ஏழைகள். அங்கே எட்டு இலட்சம் பெறுபவர் ஏழை. இங்கே மூன்று இலட்சம் பெறுபவர் செல்வர். எந்தக் கணக்குப் புத்தகத்திலே இது இருக்கிறது?

இப்படி வெட்டியெறியாமலும் விதி எழுதலாம். இங்கிலாந்திலே 1962ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பட்டப்படிப்பிலே சேரும் மாணவர்க்கு உதவித்தொகை தருவதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கிற்று. பெற்றோர் வருமானம் கூடக்கூடத் தொகை படிப்படியாகக் குறைந்தது. அங்கே இருந்தது படிக்கட்டு; இங்கே இருப்பது பாறைவிளிம்பு. அந்நாட்டார் 1990களின் இறுதியிலே அதைக் கைவிட்டுக் கடன்முறைக்கு மாறிப்போனது தனி வருத்தம்.

2010இல் கலைஞர் அரசு முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொண்டுவந்தது. சாதியும் கேட்கவில்லை, வருமானமும் கேட்கவில்லை. குடும்பத்திலே எவரேனும் பட்டம் பெற்றனரா என்று மட்டுமே கேட்டது. நேர்த்தியான கேள்விதான். ஆனால் 'குடும்பம்' என்பதிலே உடன்பிறந்தாரும் அடக்கம். அண்ணன் பட்டம் பெற்றுவிட்டால் தங்கை முதல்வர் அல்லர். ஆண்பிள்ளையை முதலில் படிக்கவைக்கும் வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்த வீடுகளிலே இவ்விதி யார்மேல் விழும் என்று விளக்க வேண்டுமா? தாயும் தந்தையும் பட்டம் பெறாத வீட்டிலே எல்லாப் பிள்ளைகளும் ஒரே தலைமுறைதானே!

2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையிலேயே, பாரதி மகளிர் கல்லூரியிலே, 'புதுமைப் பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989இல் பிறந்த திருமண உதவித்திட்டம், உயர்கல்வி உதவித்திட்டமாக உருமாறிய நாள் அது. தாலிக்குத் தந்த பணம் ஏட்டுக்கு வந்தது. அம்மையார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மாதம் 1,000 ரூபாய், மாணவியின் சொந்த வங்கிக் கணக்கிலே. வருமான வரம்பு இல்லை, சாதி கேட்பதில்லை. ஒரே நிபந்தனை: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்திருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி! வடசென்னையிலே மீனவர் வீட்டுப் பெண்களும் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மட்டுமா சென்றனர்? கிறித்துவ சபைகள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் அவர்கள் நிறைந்திருந்தனர். ஆசிரியர்க்கு ஊதியம் தருவது அரசு. பாடநூல் தருவதும் அரசு. உதவித்தொகை வேளையிலே மட்டும் அது அரசுப் பள்ளி அன்று. ஒரே தெருவிலே இரு தோழியர், ஒரே கல்லூரியிலே ஒரே வகுப்பு. ஒருத்தி கணக்கிலே ஆயிரம் விழுந்தது, மற்றொருத்தி காத்திருந்தாள். 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியிலே திட்டம் விரிவாயிற்று. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியரும் சேர்க்கப்பட்டனர். இடையிலே சென்ற இரண்டேகால் ஆண்டுகளுக்குள் ஒருத்தியின் பட்டப்படிப்பில் பெரும்பகுதி முடிந்திருக்கும்.