ஒயிட்ஃபீல்டின் அமைதி

விரிஞ்சிபுரம் வழியே பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் ஒயிட்ஃபீல்டு என்றொரு நிலையம் உண்டு. பெயரிலுள்ள 'ஒயிட்' நிறத்தைக் குறிப்பதன்று, டி. எஸ். ஒயிட் என்னும் ஆங்கிலோ-இந்தியத் தலைவரைக் குறிப்பது. ஆங்கிலேயர் தம்மவராக ஏற்காத, இந்நாட்டவரும் அயலாராகவே கருதிய தம் மக்களுக்குச் சொந்த மண் வேண்டுமென அவர் விழைந்தார். 1882-இல் மைசூர் மன்னர் சாமராச உடையார் நிலம் வழங்கினார். வட்டத்தெரு, ஓட்டுவீடுகள், முகப்பில் பூந்தோட்டம், ஆலயம் எனப் பலர் கண்ணாலும் காணாத இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றை அங்கே எழுப்பினர். ஏர் பிடித்துப் பழகாதோர்க்கு உழவு கைகொடுக்கவில்லை. பணி ஓய்வு பெற்றோரே பெரிதும் தங்கினர். ஊரின் அமைதி முதுமையின் அமைதியே எனலாம். 1947-க்குப் பின் பிள்ளைகள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். அங்கே அவர்களை இந்தியர் என்றே அழைத்தனராம்.