சீனக் கரையில் ஒரு தமிழ் முன்னோர்

கடல்கடந்து குடியேறிய முன்னோரைத் தேடுவார்க்கு வாய்மொழி வழக்கினும் கல்வெட்டே உறுதியான சான்றாகும். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு (சகம் 1203, கி.பி. 1281) அத்தகையது. தவச்சக்கரவர்த்திகள் என்னும் மறுபெயருடைய சம்பந்தப்பெருமாள், செகசைக்கானின் நலன் வேண்டி, அவனது பர்மானின்படி திருக்கதலீச்சரமுடைய நாயினாரை எழுந்தருளுவித்ததாக அது கூறுகிறது. செகசைக்கான் என்பான் குப்ளாய்கானே என்பர் ஆய்வாளர்.

1077இல் குலோத்துங்கனின் தூதுக்குழு சீனம் சென்றது. சோழராட்சி முடிவுற்ற பின்னரும் அத்தொடர்பு அறுபடவில்லை என்பதற்கு இக்கல்வெட்டு சான்று.

சம்பந்தப்பெருமாளை வணிகர் எனத் துணிதற்கில்லை. மறுபெயர் தவநெறியைச் சுட்டுகிறது. ஊரும் குலமும் கூறப்படாமையின், பெயரொப்புமை ஒன்றே கொண்டு இன்றைய குடும்பம் எதனையும் அவர் வழியினதாகக் கொள்ளுதல் பொருந்தாது. புகுந்த நாட்டு மன்னனை வாழ்த்தித் தம் தெய்வத்தின் பெயரைத் தம் மொழியிலேயே பொறித்தவர் என்பதே அவரைப் பற்றி ஐயமின்றிக் கூறத்தக்கதாகும்.