கெப்பிக்குள் ஒரு தகரக் கிண்ணம்

ஜூலை 14 மாலை, கடற்கரைச் சாலையில் போர் நினைவுச்சின்னத்தின் விளக்கு அலங்காரம் பார்க்கப் போயிருந்தேன். உடன் வந்த நண்பர் சொல்தா குடும்பத்துக்காரர். அவருடைய தாத்தா முதல் உலகப் போருக்குப் பிரான்சு போய், உயிரோடு திரும்பியவர்.

"1914 படத்துலே எல்லாரும் துணித் தொப்பி போட்டிருக்கான். அடுத்த வருஷக் கடைசியிலே பார்த்தா இரும்புத் தொப்பி. நடுவுலே என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

போர் தொடங்கியபோது பிரெஞ்சுச் சிப்பாய்க்குச் சிவப்புக் கால்சட்டை, தலையில் கெப்பி. அவ்வளவுதான். பதுங்குகுழிச் சண்டை வந்ததும் உடம்பு மண்ணுக்குள் இருந்தது, தலை மட்டும் வெளியே தெரிந்தது. மேலே வெடிக்கும் குண்டுகளின் சிதறல்கள் நேராக மண்டையில் இறங்கின.

அப்போது ஒகுஸ்த் லூயி அத்ரியான் என்றொரு அதிகாரி இருந்தார். சண்டை போடும் பிரிவல்ல. துணிமணி, தளவாடம் பார்க்கும் பிரிவு. நம்மைப் போல் பைல் கட்டிய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். காயம்பட்ட ஒரு சிப்பாய் அவரிடம், சாப்பாட்டுத் தகரக் கிண்ணத்தைக் கெப்பிக்குள் கவிழ்த்துப் போட்டிருந்ததால்தான் பிழைத்தேன் என்று சொன்னதாகப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கீழே இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவர் காதில் வாங்குவது எவ்வளவு அபூர்வம் என்பது ஆபீசில் இருந்தவர்களுக்குத் தெரியும். அத்ரியான் வாங்கினார்.

1915 தொடக்கத்தில் அரை மில்லிமீட்டர் எஃகில் கிண்ணம் போன்ற ஒரு குல்லாய் வந்தது. கெப்பிக்கு அடியில் போட வேண்டும். ஏறத்தாழ 7 லட்சம் செய்தார்கள். துப்பாக்கிக் குண்டை அது தடுக்காது, சிதறலைத் தடுக்கும். ஆனால் தலை புழுங்கியது, உறுத்தியது. பலர் அதைக் கழற்றிச் சூப் குடிக்கப் பயன்படுத்தினார்கள்! கிண்ணம் குல்லாயாகி, குல்லாய் மறுபடி கிண்ணமாயிற்று.

அதற்குப் பின்தான், அதே ஆண்டில், அவர் பெயரிலேயே வழங்கும் தலைக்கவசம் வந்தது. தீயணைப்பு வீரர் தொப்பி போல உச்சியில் ஒரு கொண்டை, உள்ளே தோல் பட்டை, எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. ஆண்டு முடிவதற்குள் 30 லட்சத்துக்கு மேல் கொடுத்துவிட்டார்கள். அதிலும் ஒரு கோளாறு. பெயின்ட் பளபளத்து எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. துணி உறை போட்டார்கள். சிதறல் துளைத்தபோது அழுக்குத் துணியும் காயத்துக்குள் போய்ச் சீழ் பிடித்தது. உறையை எடுத்துவிட்டு மங்கலான பெயின்ட் அடித்தார்கள். ஒவ்வொரு சோதனையும் யாரோ ஒருவன் தலையில்தான் நடந்தது.

இதே போரில் கனடா அமைச்சர் சாம் ஹியூஸ், மண்வெட்டியே கேடயமாகட்டும் என்று நடுவில் ஓட்டை போட்ட 25,000 மண்வெட்டிகள் செய்யச் சொன்னார். ஓட்டை வழியே துப்பாக்கியை நீட்டிச் சுடலாமாம். அது குண்டையும் தடுக்கவில்லை, மண்ணையும் அள்ளவில்லை. பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

நண்பர் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தாத்தா கொண்டு வந்த தொப்பி எங்க வீட்டுத் தோட்டத்துலே ரொம்ப நாள் கிடந்துச்சு. கொண்டை இருக்கிறதாலே கவிழ்த்தா நிக்காது. பாட்டி மண்ணைக் குழிச்சு அதுலே பதிச்சு, கோழிக்குத் தண்ணி வைப்பாங்க."